கட்டில் இருக்கிறது, எந்த மெத்தை போடுவது?

போன மாதம் ஒரு சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "சிஸ்டரே, மாமாவ நாளை கழிச்சு வீட்டுக்குக் கொண்டு போலாம்னு சொல்லிட்டாவ. தண்ணி பெட் வாங்கவா, காத்து பெட் வாங்கவா?"

நான் வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் களியக்காவிளையில் எங்கள் தெருவுக்கு நான் இன்னும் சிஸ்டர்தான். எலும்பு முறிவு வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஊர் இது. இடுப்பெலும்பு ஒடிந்தால் கிழக்கே போகிறவர்களும் உண்டு, மேற்கே போகிறவர்களும் உண்டு. எந்தத் திசையில் போனாலும் திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சர்ஜிக்கல் கடை இருக்கும், அங்கே இதே கேள்வி நிற்கும்.

அக்காவின் மாமனாருக்கு 78 வயது. ரப்பர் பால் வெட்டின உடம்பு, இப்போது எலும்பும் தோலும். சர்க்கரை இருபது வருஷமாக. மழையில் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு ஒடிந்து, கம்பி வைத்து ஆபரேஷன் ஆகியிருந்தது. குவைத்திலிருந்து கொழுந்தன் போனில், "விலை பாக்காண்டாம், நல்லதா வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டாராம். கடைக்காரர் அதற்கும் ஒருபடி மேலே போய், "காத்து பெட் போட்டா பெட்சோர் வராது, ஆளைத் திருப்பவே வேண்டாம்" என்றாராம்.

கடைசி வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. விற்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் திருப்ப வேண்டாம் என்று சொல்லி விற்கக் கூடாது.

மெத்தைக்கு முன்னால் பெட்சோர் என்கிற படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். படுக்கைப் புண் தோலில் தொடங்கி உள்ளே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆழமான புண்ணில் பெரும்பாலும் நேர்மாறு. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது, மெல்லிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன, எலும்பை ஒட்டிய சதை முதலில் சாகிறது. மேலே தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கிற வல்லுநர் குழு 2016-இல் புண் என்ற சொல்லை விட்டுவிட்டு அழுத்தக் காயம் என்று பெயரை மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் நிலையில் தோல் உடைவதே இல்லை.

புத்தகம் முதல் அறிகுறியாகச் சொல்வது சிவப்பு. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினது அது. ரப்பர் தோட்டத்தில் வெயில் குடித்த தோலில் சிவப்பை எங்கே தேடுவது? நம் ஆட்களுக்குக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா, அல்லது பழுத்த பழம் மாதிரி கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் வலி என்கிறாரா என்று பாருங்கள். நிறம் மாறினால் கத்திரிப்பூ நிறத்திலோ பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ தெரியும். அடிமுதுகுக்குக் கீழே, பின்தட்டு தொடங்குகிற எலும்பும் குதிகாலும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தால் காதுக்குப் பின்னால் அது உரசுகிற இடத்தையும் பாருங்கள்.

சரி, அக்காவின் கேள்வி. எந்த மெத்தை என்பது கடையைப் பொறுத்ததில்லை, படுக்கிறவரைப் பொறுத்தது. புண் வரும் ஆபத்தை அளக்க வார்டில் நாங்கள் போடுகிற கணக்கு ஒன்று உண்டு, பிரேடன் ஸ்கேல். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்க நர்ஸ்கள் 1987-இல் வெளியிட்டது. வலியும் அழுத்தமும் உணர்வில் படுகிறதா, உடம்பு எவ்வளவு ஈரத்தில் கிடக்கிறது, எழுந்து நடக்கிறாரா, படுக்கையில் தானாகப் புரள்கிறாரா, என்ன சாப்பிடுகிறார், சரிந்து உரசுகிறாரா என்று ஆறு விஷயம். முதல் ஐந்துக்கு 1 முதல் 4 வரை, கடைசிக்கு 1 முதல் 3 வரை. மொத்தம் 23. 18-ம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து இருக்கிறது, 9-ம் அதற்குக் கீழும் மிக மோசம்.

மதில் மேலேயே கணக்குப் போட்டோம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனதற்கு 3. ராத்திரி ஒரு தடவை வேட்டி நனைகிறது, அதற்கு 3. எழுந்து நிற்க முடியாது, தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கலாம், 2. படுக்கையில் தானாகக் கொஞ்சம் அசைவார், முழுக்கப் புரள முடியாது, 2. கஞ்சியும் பப்படமும் தவிர ஒன்றும் இறங்குவதில்லை, 2. தலைமாட்டை உயர்த்தினால் மெல்ல மெல்லக் கீழே சரிந்துவிடுகிறார், 2. ஆகமொத்தம் 14. நடுத்தர ஆபத்து. இந்த 14-இல் ஒரு விசேஷம் உண்டு. நடக்கத் தொடங்கினாலே இரண்டு வாரத்தில் ஏறக்கூடிய எண் அது. பக்கவாதம் வந்து அசைவில்லாமல் கிடக்கிறவருடைய 10 அப்படி ஏறாது. இரண்டு பேருக்கும் ஒரே மெத்தையை ஒரே விலைக்கு விற்கிறது கடை.

இனி ஒவ்வொன்றாக. அக்கா வீட்டில் ஏற்கெனவே இருந்தது தேங்காய் நார் மெத்தை. நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் இல்லை? முதுகுவலிக்கு நல்லது என்று வாங்கின கெட்டி மெத்தை. அது கெட்டியாக இருப்பதுதான் இங்கே குற்றம். ஒல்லியான ஆளின் பின்தட்டு எலும்பு அதில் அமுங்காது, எலும்புதான் சதையை அமுக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தை முதல் மாதம் சுகமாக இருக்கும், அப்புறம் ஆள் படுத்த இடம் குழியாகி அடியில் பலகை தட்டும். இரண்டும் தற்காலிகத்துக்குக்கூட வேண்டாம் என்றேன்.

தண்ணீர் மெத்தையைக் கேலி செய்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. நான் செய்ய மாட்டேன். 1980-களில் டென்மார்க்கில் சாதாரண ஆஸ்பத்திரி மெத்தை, காற்று மாறுகிற மெத்தை, தண்ணீர் மெத்தை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண மெத்தையைவிட மற்ற இரண்டிலும் புண் நன்றாகக் குறைந்தது, அந்த இரண்டுக்குள் பெரிய வித்தியாசமில்லை. கரண்ட் வேண்டாம், சத்தமில்லை, அக்கா விசாரித்ததில் விலை குறைவும் அதுதான். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. அளவு பார்த்து நிரப்ப வேண்டும். குறைந்தால் உடம்பு அடிக்கட்டிலைத் தொடும், கூடினால் பலகை மாதிரி விறைக்கும். நிரப்பின பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கனம். ஆடி மாதச் சாரலில் குளிர்ந்து கிடக்கும். எல்லாவற்றையும்விட, அதிலிருந்து ஒருவரை எழுப்பி உட்கார வைப்பது பெரும்பாடு. கையை ஊன்றினால் ஊன்றின இடம் உள்ளே போகும். அசையவே முடியாமல் கிடக்கிறவருக்கு அது குறையில்லை. நடக்கப் பழக வேண்டியவருக்கு அது ஒரு தடை.

காற்று மெத்தை, கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தது. சின்னச் சின்னக் குமிழ்களாக இருக்கும், கட்டில் காலில் ஒரு பம்பு தொங்கும். பத்து நிமிடம் அளவில் ஒரு வரிசை உப்பும், அடுத்த வரிசை தளரும், பிறகு மாறும். அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காது. நல்ல யோசனைதான். என் மாமியார் பக்கவாதத்தில் கிடந்த ஒன்பது மாதமும் இதில்தான் கிடந்தார், திரும்பவும் அப்படியொரு நிலை வந்தால் திரும்பவும் இதைத்தான் வாங்குவேன். ஆனால் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது.

மாமியார் முதலில் ஐசியுவில் நான்கு நாள் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், நான் வேலை பார்த்த இடமில்லை. உயர்ந்த ரகக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். குதிகாலுக்கு அடியில் ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு. நானும் என் காலத்தில் எத்தனையோ கையுறை நிரப்பியிருக்கிறேன், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலுறையைக் கழற்றினால், வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கத்திரிப்பூ நிறம். தோல் உடையவில்லை, உள்ளே கெட்டிருந்தது. ஆழத்தில் விழுந்த அடி வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கிடைத்தது வீட்டில் தெரியும், வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லுவார்கள். தண்ணீர்க் கையுறையும் நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டி நூல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. கையுறை அந்தச் சின்ன எலும்பின் மேலேயே எல்லா அழுத்தத்தையும் குவிக்கிறது. வளையம் தன் விளிம்பில் ரத்தத்தை நிறுத்துகிறது. குதிகாலுக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கெண்டைக்காலுக்கு நீளவாட்டில் ஒரு தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுவது. ஒரு காகிதம் அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும். காசில்லாத வைத்தியம். அந்தக் குதிகால் ஆற ஐந்து மாதம் ஆனது.

காற்று மெத்தையின் மற்ற கஷ்டங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கரண்ட் போனால் அரை மணியில் குமிழெல்லாம் வாடும். பம்பு இழுப்பது என்னவோ இரவு விளக்கு அளவுதான், இன்வெர்ட்டரில் கொடுத்துவிடலாம், கொடுக்க மறந்துவிடுவோம். எலி குழாயைக் கடித்தது எங்கள் வீட்டில் இரண்டு தடவை. அதோடு, நனையாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் ரப்பர் ஷீட், ஷீட் மேல் மடித்த போர்வை, போர்வை மேல் இன்னொரு பழைய போர்வை போடுவார்கள். அப்புறம் அடியில் குமிழ் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? மேலே ஒரு மெல்லிய பருத்தி வேட்டி போதும். அழுத்தம் சரியா என்று பார்க்க, பின்தட்டுக்கு நேர் கீழே குமிழ் மெத்தைக்கு அடியில் கையை மல்லாத்தி நுழையுங்கள். எலும்புக்கும் கைக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அது வெறும் பிளாஸ்டிக் தாள்.

மூன்றாவது, கடைக்காரர் காட்டவே இல்லாத நுரை மெத்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கென்று செய்கிற அடர்த்தியான நுரை, நீளும் தன்மையுள்ள நீர் புகாத உறையோடு. அக்கா விசாரித்து வந்தது ஏழாயிரத்துச் சொச்சம். காற்று மெத்தை மூவாயிரம், தண்ணீர் மெத்தை இரண்டாயிரம். நுரைக்குப் பம்பு இல்லை, ஓட்டை விழாது, ஓரம் கெட்டியாக இருப்பதால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாக்கரைப் பிடித்து எழலாம்.

இங்கிலாந்தில் 2,029 நோயாளிகளை வைத்து நுரை மெத்தையையும் காற்று மாறுகிற மெத்தையையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தோல் உடைந்த புதுப் புண் காற்று மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்கு, நுரையில் 8.9 சதவீதம் பேருக்கு. கொஞ்சம் வித்தியாசம், உறுதியாக அடித்துச் சொல்லுமளவுக்கு இல்லை. அங்கே நுரை என்று சொல்வது தரமான நுரை என்பதையும், இரண்டு குழுவிலும் நோயாளிகளை நர்ஸ்கள் திருப்பிக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கடையில் விற்கிற மலிவான பஞ்சு மாதிரி நுரை ஆறு மாதத்தில் அமுங்கிப்போகும், அதைச் சேர்த்துப் பேசவில்லை.

அக்காவுக்கு நான் சொன்னது நுரை. என் மாமியாருக்குக் காற்று, அவர் மாமனாருக்கு நுரை. எழுந்து நடக்கப் போகிறவரைச் சொகுசில் புதைத்துவைப்பது நல்லதில்லை. ஏற்கெனவே பின்தட்டில் புண் இருந்திருந்தால், அல்லது கணக்கு 12-க்குக் கீழே இருந்திருந்தால் வேறு பேச்சு.

"அப்போ ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பணுமா? ராத்திரியும்?" என்றார் அக்கா. அவர் முகத்தில் அப்போதே தூக்கமில்லை. இந்த இரண்டு மணி நேரக் கணக்கு வார்டுகளில் வேதவாக்கு. 2013-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து, அடர் நுரை மெத்தையில் இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தார்கள். மூன்றுக்கும் புண்ணில் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. பிரேடன் கணக்கில் 10 முதல் 14 வரை உள்ளவர்கள் அவர்கள், நம்மவர் அதில் வருகிறார். அதனால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்தோம், காலையில் தோல் சரியாக இருந்தால் மட்டும். தேங்காய் நார் மெத்தையில் படுக்க வைத்துவிட்டு இந்த ஆய்வைக் காட்டிக்கொண்டு தூங்கக் கூடாது.

திருப்புவது என்றால் முழுக்க ஒருக்களிப்பதில்லை. அப்படி ஒருக்களித்தால் இடுப்பு மூட்டு எலும்பு நேராக மெத்தையைக் குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். ஆபரேஷன் ஆன பக்கம் எவ்வளவு சாய்க்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமாட்டை முப்பது டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்தால் ஆள் சரிகிறார். தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே போகும், நடுவில் குழாய்கள் முறுகும். சாப்பிடும்போது உயர்த்துங்கள், அப்புறம் இறக்கிவிடுங்கள். மேலே இழுக்கக் கக்கத்தைப் பிடிக்க வேண்டாம், அடியில் விரித்த பழைய வேட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்குங்கள். கன்றின இடத்தில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் இருக்கட்டும், தேய்ப்பு வேண்டாம். உள்ளே ஏற்கெனவே நசுங்கின சதை அது.

அடுத்தது காசு. கொழுந்தன் அனுப்புவதாகச் சொன்னது முப்பதாயிரம். அக்காவின் கணவர் அதை அப்படியே ரிமோட் வைத்த மோட்டார் கட்டிலில் போடப் பார்த்தார். நான் குறுக்கே விழுந்தேன். ஏழாயிரத்துக்கு நுரை மெத்தை, மீதியில் இரண்டு மூன்று வாரத்துக்கு ராத்திரி மட்டும் ஒரு ஹோம் நர்ஸ். இந்தக் கணக்கைக் குடும்பங்கள் யோசிப்பதே இல்லை. பொருள் வாங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது, ஆளுக்குக் கொடுத்த காசு தெரிவதில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வேட்டி நனைந்தால் கட்டில் எழுந்து மாற்றாது. ஈரத்தில் ஊறின தோல் நனைந்த அப்பளம், பாதி அழுத்தத்திலேயே போய்விடும்.

காற்று மெத்தை வேண்டியவர்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2008-இலேயே பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது தீராத நோயில் கிடக்கிறவர்களுக்கு வேதனை தணிக்கிற பராமரிப்புக்கு, மாநிலக் கொள்கை வந்துவிட்டது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருவார், பல யூனிட்டுகள் காற்று மெத்தையையும் சக்கர நாற்காலியையும் இரவல் கொடுக்கின்றன. பாறசாலையில் என் தங்கை அப்படித்தான் வாங்கினாள். இந்தப் பக்கம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, பிசியோதெரபியும் பாலியேட்டிவ் நர்ஸும் அதில் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இரவல் மெத்தை என்றால் ஒரு ராத்திரி ஆளில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். காலையில் எந்தக் குமிழ் வாடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவின் மாமனார் எடை ஐம்பது கிலோ இருக்கும். ஆபத்தில் இருக்கிறவருக்கு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் நாளுக்கு அறுபது எழுபது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். கஞ்சியோடு சிறுபயறு, மத்தியானம் சாளை மீன், சாயங்காலம் முட்டை என்று ஏற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று நானும் கூடப் போனேன். பில் கட்டும் முன்னால் வார்டு சிஸ்டரிடம், "ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடலாமா, நாங்களும் பார்க்கிறோம்" என்று கேட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பின்தட்டு சுத்தமாக இருந்தது. இடது குதிகால் மட்டும் கொஞ்சம் சூடு, அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் நிறம் வந்தது. பாதத்தின் வெளிறின தோலில் அது தெரியும். அப்படி நிறம் வந்தால் ரத்தம் இன்னும் ஓடுகிறது. அங்கேயே கெண்டைக்காலுக்குத் தலையணை வைத்துத்தான் காரில் ஏற்றினோம்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. சமையலறை காலண்டரில் அக்கா பென்சிலால் கோடு போடுகிறார், இடம், வலம், மல்லாக்க. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. உட்காரும்போது எடை முழுக்கப் பின்தட்டில் இறங்குகிறது, படுப்பதைவிட அழுத்தம் கூடுதல். போன வியாழக்கிழமை மாமனார் வாக்கரோடு வாசல் வரை வந்தார். நான் மதிலோரம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீதானே காத்து பெட்ட வேண்டாம்னு சொன்னது?" என்றார். "ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரனுக்கு அதுதான் கிடந்தது. கெடந்தா ஆத்துல மெதக்குத மாதிரி இருக்கும்னு சொன்னான்."